பகா எண்ணும் பிரதான எண்ணும்

கணிதத்துக்கு மொழி இல்லை என்பார்கள். சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகள் எம்மொழியில் கணிதம் பயின்றாலும் இழப்பில்லை என்னும் வாதம் இக்கூற்றின் மேல்தான் நிற்கிறது. ஒரு பேரெண்ணைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

67,46,32,83,88,800. கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசன் 1915இல் இலண்டன் கணிதக் கழக இதழில் வெளியிட்ட கட்டுரையில் உள்ள அட்டவணை இவ்வெண்ணோடு முடிகிறது. தன்னினும் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு மிகுதியான காரணிகளைக் கொண்ட எண்களின் வரிசை அது. இறுதி எண்ணுக்கு 10,080 காரணிகள் உள்ளன.

எண்ணின் தோற்றத்திலிருந்து இது புலப்படாது, பகுத்தால் புலப்படும். 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறையும் பெருகி அமைந்தது இவ்வெண். இடையில் எந்தப் பகா எண்ணும் விடுபடவில்லை; அடுக்குகளும் ஏறாமல் இறங்கியே வருகின்றன. இவ்வகை எண்கள் அனைத்துக்கும் இப்பண்புகள் உண்டென்று இராமானுசன் நிறுவினார். ஆயினும் அவருடைய அட்டவணையில் 2,93,31,86,25,600 என்னும் எண் விடுபட்டுப்போயிற்று. இறுதி எண்ணை 23ஆல் வகுத்தால் கிடைப்பது அதுவே. பேரெண்களின் உறவு பகாக் காரணிகளில்தான் வெளிப்படுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனிப் பெயர்களைப் பார்ப்போம். தமிழில் 'பகா எண்', 'பகு எண்'. சொல்லைப் 'பகுபதம்', 'பகாப்பதம்' என்று பிரித்த நன்னூலின் வேர்ச்சொல்லே இங்கும் நிற்கிறது. 'மரம்' என்பதை மேலும் பகுத்தால் பொருள் தரும் உறுப்புகள் கிடைப்பதில்லை. 23ஐயும் அதனினும் சிறிய முழு எண்களின் பெருக்கமாகப் பகுக்க இயலாது. தமிழ் மாணவருக்குப் பெயரே வரையறையின் பாதியைச் சொல்லிவிடுகிறது.

மற்றப் பாதியைத் தெலுங்கு சொல்கிறது. அங்கே அது 'பிரதான சங்க்ய', முதன்மையான எண். பகாமல் நிற்பது ஏன் சிறப்பு என்று தமிழ்ப் பெயர் கூறவில்லை. எல்லா எண்களும் இவற்றாலேயே ஆனவை, அதுவும் ஒவ்வொன்றும் ஒரே வகையில்தான் ஆனது என்னும் அடிப்படைத் தேற்றத்தை நோக்கித் தெலுங்குப் பெயர் கைகாட்டுகிறது. தமிழ்ப் பெயர் எண்ணின் இயல்பைச் சொல்ல, தெலுங்குப் பெயர் அதன் தகுதியைச் சொல்கிறது.

ஆகவே, தேற்றத்துக்கு மொழி இல்லை என்பது உண்மை. தேற்றத்தை அடையும் வழிக்கு மொழி உண்டு. வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் பேசும் எல்லைப்புறப் பிள்ளைக்கு இரு வழிகளும் திறந்திருக்கின்றன. ஆங்கிலப் பாடநூலின் 'பிரைம் நம்பர்' இவ்விரண்டுக்கும் மாற்றாக வந்தால் அப்பிள்ளை ஒரு சொல்லைப் பெற்று இரண்டு விளக்கங்களை இழக்கிறது. உயர்கல்விக்கு ஆங்கிலம் தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், கலைச்சொல்லைச் சேர்ப்பது வேறு. இருக்கும் சொல்லை அகற்றுவது வேறு.

1954இல் தோன்றிய திருவேங்கடவன் பல்கலைக்கழகம் திருப்பதியில் இருக்கிறது. 2015 முதல் ஐ.ஐ.டி.யும் ஐசர் நிறுவனமும் அங்கே இயங்குகின்றன. கணிதமும் மொழியும் அறிந்தோர் அடுத்தடுத்து வாழும் ஊர் அது. தமிழ், தெலுங்கு, ஆங்கிலக் கணிதச் சொற்களை அருகருகே வைத்து, ஒவ்வொரு பெயரும் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று விளக்கும் ஒரு சிறு கையேட்டை ஆறாம் வகுப்புக்காக அவர்கள் கூடி உருவாக்கலாம். பேரெண்ணைப் பகுக்கத் தேவைப்படும் உழைப்போடு ஒப்பிட்டால் இது எளிய பணிதான்.