தேநீர்ப் பையும் வைப்புத்தொகையும்

மல்லேஸ்வரம் காப்பிக்குப் பேர்போன பகுதி. செண்பக மரத்தின் கன்னடப் பெயரைத் தாங்கிய சம்பிகே சாலையில் காலையில் நடப்போர்க்குப் பூமணத்திற்கு முன் காப்பிமணமே எட்டும். அவ்விடத்திலிருந்து தேநீரைப் பற்றி எழுதத் துணிவதற்குக் காரணம், நமது கிளையின் நெடுநாள் வாடிக்கையாளரான ஓர் அம்மையார்.

பணி ஓய்வு பெற்றவர் அவர். நீலகிரியின் முழு இலைத் தேயிலையை வாங்கி, மல் துணியில் தாமே தைத்த சிறு பைகளில் இட்டுப் பருகுவது அவர் வழக்கம். ஒரு நாள் அவற்றுள் சிலவற்றை நமது மேசையில் வைத்து, "சார், இதையே தொழிலாகச் செய்யலாம் என்றிருக்கிறேன். மூன்று லட்ச ரூபாய் டெபாசிட்டை முறித்துக் கொடுங்கள்" என்றார். வெந்நீரில் இட்டுப் பருகிப் பார்த்தோம். தேநீர் நன்றாகவே இருந்தது. வைப்புத்தொகையை முறிப்பதற்கு மட்டும் நம் மனம் ஒப்பவில்லை.

பொருளை முதலில் பார்ப்போம். தேநீர்ப் பை என்றவுடன் 1908இல் பட்டுப் பையில் மாதிரித் தேயிலை அனுப்பிய நியூயார்க் வணிகர் தாமஸ் சல்லிவனின் கதையைச் சொல்வது வழக்கம். அதற்கு முன்பே, 1903இல், அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த ரொபர்ட்டா லாசன், மேரி மெக்லாரன் என்னும் இரு பெண்கள் பருத்தி நூல் வலைத்துணியாலான தேயிலைப் பைக்குக் காப்புரிமை பெற்றுவிட்டனர். ஆக, அம்மையாரின் துணிப்பை புதுமையன்று. அதுவே மூல வடிவம். காகிதப் பையும் நைலான் பையும் பின்னர் வந்தவை. சூட்டினால் ஒட்டப்படும் காகிதப் பைகளில், ஒட்டுவதற்கென்றே பிளாஸ்டிக் இழை கலப்பதுண்டு. பிளாஸ்டிக் பை ஒன்றை 95 பாகை வெந்நீரில் இட்டால் ஒரு கோப்பையில் சுமார் 1,160 கோடி நுண்துகள்கள் கலக்கின்றன என 2019இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தனர். அந்த எண்ணிக்கை மிகை என மறுத்தோரும் உண்டு. எனினும் அம்மையாரைத் தையல் ஊசியை எடுக்க வைத்தது அச்செய்தியே.

துணிப்பையில் கவனிக்க வேண்டியவை சில உள. கடையில் பருத்தி என்று தரும் துணியில் பாலியெஸ்டர் கலந்திருக்கலாம். ஓர் இழையை எரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: பருத்தி சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி மணிபோல் திரளும். தைக்கும் நூலுக்கும் இச்சோதனை வேண்டும். பலர் மறப்பது அதைத்தான். புதுத்துணியின் கஞ்சி போகச் சோப்பின்றிக் கொதிக்க வைத்து அலச வேண்டும். முழு இலை நீரில் பன்மடங்கு விரியுமாதலால் பை மூன்று அங்குல அகலமும் நான்கு அங்குல உயரமும் இருத்தல் நலம். சிறிய பையில் இலை நெருக்குண்டு சாரம் இறங்காது. பயன்படுத்தியபின் உட்புறத்தை வெளியே திருப்பிக் கழுவி வெயிலில் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். கறை போகாது, போகவேண்டியதும் இல்லை.

நம் வீடுகளில் பாலோடு கொதிக்கும் தூள் தேநீருக்கு இப்பை வேண்டியதே இல்லை. சி.டி.சி. தூள் மல் துணியின் கண்களில் புகுந்து கலங்கலாக இறங்கும். அதற்கு வடிகட்டியே போதும். அலுவலகம், இரயில் பயணம், மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையிருப்பு என வெந்நீர் மட்டும் கிடைக்கும் இடங்களில்தான் பைக்கு வேலை.

இனி தொழில். அம்மையாரும் நாமும் ஒரு தாளில் கணக்கிட்டோம். தேயிலை நிரப்பிய பை ஒன்றை 15 ரூபாய்க்கு விற்பதாகக் கொள்வோம். இரண்டு கிராம் இலைக்கு 3.20, துணிக்கும் நூலுக்கும் 2, உறைக்கும் பெட்டிக்கும் 2.80; ஆக 8 ரூபாய். கடைக்காரர் கழிவு 4. மிஞ்சுவது 3 ரூபாய். வெட்டி, எந்திரத்தில் தைத்து, நிரப்பிக் கட்ட ஐந்து நிமிடம் ஆகிறது; மணிக்கு 12 பைகள், 36 ரூபாய். அதுவும் எல்லாம் விற்றுத் தீர்ந்தால்தான். உணவுப் பொருளாதலால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவும் தேவை. தம் உழைப்புக்குக் கூலி போடாததால்தான் வீட்டுத் தொழில் பலவும் தாளில் இலாபமாகத் தெரிகின்றன. கணக்கைப் பார்த்த அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை.

நமது கருத்து இது: வீட்டில் தைக்கும் தேநீர்ப் பை வீட்டுக்கு நல்லது, இலை நிரப்பி விற்பதற்கு, சிறு முதலீட்டாளர்க்கு, நல்லதன்று. விற்றே ஆகவேண்டுமென்றால் வெறும் பையை விற்கலாம். பத்துப் பைகள் கொண்ட கட்டாக விற்றால் தேயிலையில் பணம் முடங்காது, கெட்டுப்போகும் சரக்கும் இராது. அதற்கு மூன்று லட்சம் எதற்கு? முதிர்வுக்கு முன் முறித்தால் வட்டி குறையும், பெரும்பாலும் அபராதமும் உண்டு. அதற்குப் பதில் வைப்புத்தொகையின் பேரில் கடன் பெறலாம். கடன் வட்டி வைப்பு வட்டியைவிடச் சற்றே கூடுதல். வைப்போ தன் வட்டியை ஈட்டிக்கொண்டே இருக்கும். முறித்துக் கொடுப்பது நமக்குச் சில நிமிட வேலை. மறுத்துப் பேசியதில் ஒரு முற்பகல் போயிற்று. ஓய்வூதியர் வைப்பை முறிக்கக் கேட்கும்போது படிவத்தை நீட்டுமுன் காரணத்தைக் கேட்பது அலுவலரின் கடமை என்றே கருதுகிறோம். இதை வாடிக்கையாளரின் சொந்த விஷயத்தில் தலையிடுவதாகக் கருதும் சக அலுவலர்களும் உண்டு.

அம்மையார் இருபதாயிரம் ரூபாய் மட்டும் கடனாகப் பெற்றார். துணி எட்டாவது கிராஸில் வாங்கியது. முதல் ஐம்பது கட்டுகளில் முப்பத்திரண்டு, அக்கம்பக்கத்தாரிடமே விற்றுவிட்டனவாம். நமக்கும் ஒரு கட்டு காசு கொடுத்து வாங்கினோம். நூல்தான் சற்றுக் குட்டை; கோப்பைக்குள் விழுந்துவிடுகிறது. அடுத்த முறை நீளமாக விடுவதாகச் சொல்லியிருக்கிறார்.