கருவண்டை விரட்டாதீர்கள்

பள்ளித் தோட்டத்தில் கத்தரிச்செடி பூத்திருந்தால், காலையில் அதன் அருகே சற்று நேரம் நின்று பாருங்கள். பெரிய கருவண்டு ஒன்று தாழ்ந்த ரீங்காரத்துடன் பறந்து வரலாம். பூவைப் பற்றியதும் அதன் சுருதி சட்டென்று உயரும். ஆனால் சிறகுகள் முதுகின்மேல் மடிந்திருக்கும். பிறகு அந்த ஒலி எங்கிருந்து வருகிறது?

கத்தரிப்பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டும்தான் உண்டு. அதுவும் நடுவில் நிற்கும் மஞ்சள் நிற மகரந்தப்பைகளுக்குள் அடைபட்டிருக்கும். வெளியேற வழி, நுனியிலுள்ள சிறு துளைகள்தான். உப்புக் குப்பியைக் குலுக்கினால்தானே உப்பு விழும்? இதுவும் அப்படித்தான். வண்டு அந்தப் பையைத் தாடையால் கவ்விக்கொண்டு, சிறகை விரிக்காமலே, மார்பிலுள்ள பறக்கும் தசைகளை இயக்குகிறது. அதன் உடல் விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை அதிர்கிறது. மகரந்தம் பீய்ச்சி வெளிவந்து அதன் ரோமங்களில் ஒட்டிக்கொள்கிறது. இதுவே அதிர்வு மகரந்தச் சேர்க்கை. தக்காளிப் பூவுக்கும் இதே முறைதான் ஏற்றது.

நாம் வண்டு என்று அழைத்தாலும், இது உண்மையில் ஒரு தேனீ. மரத்தில் துளையிட்டுக் கூடு கட்டுவதால் தச்சத் தேனீ என்பார்கள். பெட்டியில் வளர்த்துத் தேன் எடுக்கிறோமே, அந்தத் தேனீக்கு இந்த அதிர்வு வித்தை தெரியாது. இருந்தும் ‘தேனீக்களைக் காப்போம்’ என்று நாம் வரையும் சுவரொட்டிகளில் தேன் தரும் தேனீ மட்டுமே இடம்பெறுகிறது. கருவண்டைக் கண்டாலோ பூச்சிமருந்தைத் தேடுகிறோம். இது நியாயமா?

“வீட்டு மரச்சட்டத்தைத் துளைக்கிறதே, கொட்டிவிடுமே” என்று பெரியவர்கள் கேட்பார்கள். துளைப்பது உண்மைதான். ஆனால் அது மரத்தைத் தின்பதில்லை. சாயம் பூசிய மரத்தை அது பெரும்பாலும் நாடாது. எனவே சட்டத்துக்குச் சாயம் பூசுங்கள். தோட்டத்து மூலையில் காய்ந்த மரத்துண்டு ஒன்றை அதற்கென விட்டுவையுங்கள். ஆண் வண்டுக்குக் கொடுக்கே இல்லை. பெண் வண்டும் பிடித்துத் தொந்தரவு செய்தாலன்றி எளிதில் கொட்டாது.

கத்தரியும் தக்காளியும் காற்றின் உதவியாலும் ஓரளவு காய்க்கும். ஆனால் அதிரவைக்கும் தேனீ வந்தால் காய்ப்பு கூடும். ஐரோப்பாவில் கண்ணாடிக் குடில்களில் தக்காளி வளர்த்தவர்கள், ஒருகாலத்தில் மின்கருவியால் பூக்களை ஒவ்வொன்றாக அதிரவைத்தார்கள். 1980களின் இறுதியில்தான் பம்பிள் தேனீக்களை வளர்த்து அந்த வேலையை ஒப்படைத்தார்கள். அவர்கள் காசு கொடுத்து வாங்கும் சேவை, நமக்குத் தோட்டத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. அதையா மருந்தடித்து அழிப்பது?

மாணவர்களே, நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஆசிரியரின் அனுமதியோடு ஆய்வுக்கூடத்து இசைக்கவையைத் தட்டி, நன்கு மலர்ந்த கத்தரிப்பூவின் மகரந்தப்பையில் மெல்லத் தொடுங்கள். கீழே ஒரு கறுப்புக் காகிதத்தைப் பிடியுங்கள். அதில் மஞ்சள் தூள் விழுந்தால், அந்தக் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெரியவர்களிடம் காட்டுங்கள். பூச்சிமருந்துக் குப்பியைக் கீழே வைக்கச் சொல்ல அந்தச் சான்று போதும்.