கிரெயினில் கை வைக்காதே

அக்கா மகன் பனப்பாக்கம் கார் ஆலை வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான். போன வாரம் போனில் ஒரு படத்தைக் காட்டி, "மாமா, புது ஜாகுவார்ல சீட்டுக்குத் தோலே இல்லையாமே! நம்ம தோல் பொழப்புக்கே வேட்டு வெச்சிட்டாங்க" என்று சிரித்தான். 2024 டிசம்பரில் மயாமியில் காட்டிய 'டைப் 00' மாதிரிக் கார் அது. உள்ளே பித்தளை, டிராவர்டைன் கல், கம்பளி கலந்த துணி. ஒரு காலத்தில் கொனொலி தோலுக்கும் வால்நட் பலகைக்கும் பேர் போன வண்டி!

இதில் ராணிப்பேட்டைக்காரனுக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். 2008 முதல் ஜாகுவார் டாடா வீட்டுப் பிள்ளை. ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளுக்காகவும் 9,000 கோடி ரூபாயில் ஆலை கட்ட, 2024 செப்டம்பர் 28 அன்று முதல்வர் ஸ்டாலின் நம் மாவட்டத்துப் பனப்பாக்கத்தில் அடிக்கல் நாட்டினார். பக்கத்தில் நின்ற டாடா குழுமத் தலைவர் சந்திரசேகரன் மோகனூர்க்காரர். 5,000 பேருக்கு வேலை என்றார்கள். ஜாகுவார் என்ற பெயரின் மானம் இனி கொஞ்சம் நம் மானமும்தான்.

அந்த ஆண்டு நவம்பரில் ஜாகுவார் தன் சின்னத்தை மாற்றியது. விளம்பரப் படத்தில் வண்ண உடையில் மனிதர்கள் வந்தார்கள், கார் வரவில்லை. கார் விற்கிறீர்களா என்று ஈலான் மஸ்க்கே நக்கலடித்தார். பெட்ரோல் என்ஜினுக்கு விடை கொடுத்து, இனி மின்சாரக் கார் மட்டும் என்றும் முடிவு. பாரம்பரியம் போச்சு என்று பழைய ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

நான் அந்தக் கூட்டத்தில் சேர மாட்டேன். என் தாத்தா சுண்ணாம்புக் குழியில் இறங்கி ஆவாரம் பட்டைச் சாற்றில் தோல் பதனிட்டவர். அப்பா காலத்தில் வாட்டில் பட்டை வந்தது. நான் சிப்காட்டில் 35 வருஷம் குரோம் தோலோடு கிடந்தேன். அதன் கழிவுக்குப் பாலாறு கொடுத்த விலை ஊரறிந்தது; 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொல்ல வேண்டிவந்தது. பழசு என்பதற்காகவே ஒன்றைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. புகை போகட்டும், உறுமலும் போகட்டும்.

என் குறை வேறு. ஃபினிஷிங்கில் சேர்ந்த புதிதில் மேஸ்திரி சொன்னார்: "சாயத்த எத்தன தடவ வேணா மாத்து. கிரெயின்ல மட்டும் கை வெக்காத." கிரெயின் என்பது மாட்டோடு பிறந்த மேல்முகம். கீறலும் உண்ணிக்கடியும் அதிகமானால் எமரி போட்டு பஃபிங் செய்து அதைத் தேய்த்துவிட்டு, சூடான பிளேட்டால் பொய் கிரெயின் அழுத்துவோம். பார்க்கப் பளபளப்பாக இருக்கும். அனுபவப்பட்ட வியாபாரி உள்பக்கமாக மடித்து ஒரு பார்வை பார்ப்பார். சுருக்கம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஜாகுவாரின் கிரெயின் எது? 1922இல் பிளாக்பூலில் மோட்டார் சைக்கிளுக்கு சைடுகார் செய்யத் தொடங்கிய வில்லியம் லயன்ஸ், பணக்காரன் வண்டியின் அழகை அதைவிடக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். 1961இல் வந்த ஈ-டைப்பைப் பார்த்து உலகம் வாய் பிளந்ததற்கு அழகு பாதிக் காரணம், விலை பாதிக் காரணம். எதற்கும் நகலாக இருக்காதே என்ற லயன்ஸின் வாக்கைத்தான் கம்பெனி இப்போது கோஷமாக்கியிருக்கிறது. ஆனால் வரப்போகும் காரின் விலை ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டுமாம். வாக்கை வைத்துக்கொண்டு வழியை விட்டுவிட்டார்கள். எமரி பட்ட இடம் இதுதான்.

மாறியும் முகம் கெடாதவை உண்டு. 1955 முதல் சென்னையில் உருவாகும் புல்லட்டைப் பாருங்கள். கியர் வலது காலிலிருந்து இடது காலுக்குப் போனது, வார்ப்பிரும்பு என்ஜினும் போனது. கத்தாத மெக்கானிக் இல்லை. ஆனாலும் ஒற்றை சிலிண்டரின் தடதடப்பும், டாங்கில் கையால் இழுக்கும் கோடும் நிலைத்து நின்றன. பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார்களைப் பார்த்து ஜப்பானின் மாஸ்டா 1989இல் செய்த எம்எக்ஸ்-5 நான்கு தலைமுறை கண்டுவிட்டது. இரண்டே இருக்கை, மடக்கும் கூரை, குறைந்த எடை என்ற மூன்றையும் விடவில்லை.

"அப்போ நான் அந்த வேலைக்குப் போகவா, வேணாமா?" என்றான் பையன்.

போடா, தாராளமாகப் போ என்றேன். லைனில் நிற்கும்போது ஒன்றை மட்டும் கவனி: பெரியவர்கள் சின்னத்தைப் பற்றி அதிகம் பேசுகிறார்களா, வண்டியைப் பற்றியா? வந்து என்னிடம் சொல். மடித்துப் பார்க்க எனக்கு அது போதும்.