முதலாளிமாரே, கடன் கொப்பியைப் பார்த்துப் பங்கு வையுங்கள்



2022இல் பெற்றோல் இல்லையென்று பாடசாலைகளை மூடினார்கள். அந்த வருடம் ஜூலை 10ஆம் திகதி வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எண்ணெய் என்று அரசாங்கம் அறிவித்தது. அதே 10ஆம் திகதிதான் நமக்கு ஹஜ் பெருநாளாக இருந்தது. வீட்டில் குந்தியிருந்த வாத்தியாருக்கு எழுத நேரம் கிடைத்தது. எழுதப் போவது நமது பஸாரில் சிலருக்குக் கசக்கும். அவர்களில் பலர் என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் வாப்பாமார். சிலர் என்னிடமே படித்தவர்கள். கோபம் வந்தால் கொமென்டில் ஏசுங்கள், ஆனால் முழுவதையும் வாசித்துவிட்டு ஏசுங்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு ராத்தா இருக்கிறா. மாப்பிள்ளை மௌத்தாகிப் பல வருடம். வீட்டு முன் அறையில் பலகை அடித்து ஒரு சின்னக் கடை. அந்த நாட்களில் ஒருநாள் கொழும்பிலிருந்து லொறி வந்து பால்மாவும் கோதுமை மாவும் சீனியும் இறங்கியதைக் கேள்விப்பட்டு பஸாருக்கு நடந்தே போயிருக்கிறா. ஓட்டோவுக்குத்தான் எண்ணெய் இல்லாமல் இருந்ததே. அங்கே கிடைத்த பதில்: "முடிஞ்சிட்டு ராத்தா, அடுத்த லொறிக்கு வாங்க." லொறி இறங்கி இரண்டு மணித்தியாலம்கூட ஆகவில்லை. அஸருக்குப் பிறகு அதே பால்மா இன்னொரு பெரிய கடையில் இருந்தது. ஒரு பக்கற் வேண்டுமென்றால் கூடவே தேயிலைப் பக்கற்றும் சவர்க்காரமும் வாங்க வேண்டுமாம். அந்தக் கடைக்காரர் மொத்த வியாபாரிக்குச் சொந்தம். பெயர் எழுதவில்லை. இது ஒருவருடைய கதையல்ல என்பது பஸாரில் சாமான் எடுக்கும் எல்லோருக்கும் தெரியும்.

"வியாபாரம் என்றால் அப்படித்தான் சேர், தெரிந்தவனுக்குத்தானே குடுப்பான்" என்று ஒரு தம்பி சொன்னார். சாதாரண நாளில் நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். சாமான் நிறைய இருக்கும்போது யாருக்கு விற்பது என்பது முதலாளியின் விருப்பம். ஒருவர் தராவிட்டால் அடுத்தவர் தருவார். சாமான் தட்டுப்பட்ட நாளில் யாருக்குக் கொடுப்பது என்பது யார் வீட்டில் அடுப்பு எரிவது என்ற முடிவு. அந்த முடிவை நாலைந்து முதலாளிமார் போனில் பேசி எடுப்பதைத்தான் பிழை என்கிறேன்.

ஒழுங்கைக் கடை செய்யும் வேலை என்ன என்று யோசித்துப் பாருங்கள். 100 கிராம் சீனி, அரை றாத்தல் பாண், ஒரு நேரத்துக்குரிய பருப்பு என்று நிறுத்துக் கொடுப்பது அது. மண்ணெண்ணெய் இல்லாமல் தோணி கரையில் கிடக்கும் மீன்காரனுக்குக் கடன் கொடுப்பது அது. பசளை இல்லாமல் வேளாண்மை சரிந்துபோன வயற்காரன், வெட்டு முடிந்து தருகிறேன் என்று சொன்னால் நம்புவது அது. பஸாரில் கடன் கிடையாது. காசு வைத்தால்தான் சாமான். லொறிச் சாமான் பஸாரோடு நின்றுவிட்டால் அது காசு உள்ளவனோடு நின்றுவிட்டது என்றுதான் பொருள். சின்னக் கடைக்காரனுக்கு இரக்கம் காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. அவனுடைய கடன் கொப்பியில் இருக்கும் ஐம்பது அறுபது வீட்டுக்காரரின் பங்கைத்தான் கேட்கிறேன்.

இது எனது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான், 9ஆம் திகதி திருகோணமலையில். அதே வருடம் பர்மா அவன் கையில் விழுந்தது. அந்தக் காலத்தில் இலங்கை தின்ற அரிசியில் பெரும் பகுதி வெளிநாட்டு அரிசி, அதிலும் முக்கியமாக பர்மா அரிசி. அது நின்றதும் கூப்பன் வந்தது. நமது மூத்தவாப்பாமார் "கூப்பன் கடை" என்று சொன்னது அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதன் சூத்திரம் மிகச் சின்னது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு கடையில் பதியும். எத்தனை பேர் பதிந்தார்களோ அந்தக் கணக்குக்கு அந்தக் கடைக்கு அரிசி வரும். முதலாளிக்கு யாரைத் தெரியும், யார் கூட விலை தருவான் என்ற கேள்விக்கு அங்கே இடம் இல்லை. இங்கிலாந்திலும் 1940 ஜனவரியில் வெண்ணெய்க்கும் சீனிக்கும் பங்கீடு வந்தபோது இதே வழிதான்: பதிந்த வாடிக்கையாளர் தொகையே கடைக்காரனின் பங்கு. முதலாளித்துவத்தின் தாய்வீட்டிலேயே யுத்த காலத்தில் "தெரிந்தவனுக்குக் குடுப்பேன்" என்று சொல்ல விடவில்லை.

பங்கு எழுதி வைத்தால் மட்டும் சாமான் கிராமத்துக்கு வந்துவிடாது என்பதையும் அன்றைக்கே கண்டுகொண்டார்கள். மொத்தச் சரக்கு எங்கே தங்குகிறது என்பதுதான் விஷயம். அதனால்தான் கிராமத்துக் கூட்டுறவுக் கடைகளுக்குச் சாமான் அனுப்ப 1943இல் கூட்டுறவு மொத்த விற்பனை நிலையத்தைத் தொடங்கினார்கள். இன்று நாம் சதொச என்பது அதன் சிங்களப் பெயரின் சுருக்கம்தான். 2022இல் சதொசவுக்குப் போனால் வெறும் தட்டுகளைப் பார்த்துவிட்டுத்தான் வர முடிந்தது. அது வேறு கதை.

கூப்பன் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. மௌத்தானவர்களின் பெயரில் அரிசி எடுத்தவர்கள் இருந்தார்கள். சங்கக் கடையில் மனேஜரின் ஆளுக்கு நல்ல அரிசி, மற்றவனுக்குப் புழுத்த அரிசி. 70களில் பாண் கியூவில் நின்றவர்கள் இன்னும் ஊரில் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டால் கண்ணீரோடு சொல்வார்கள். 1979இல் கூப்பன் போய் உணவு முத்திரை வந்தபோது பலர் நிம்மதி அடைந்தார்கள். ஆனாலும் அந்த ஏற்பாட்டில் ஒரு விதவை தன்னுடைய பங்கு எவ்வளவு என்பதை அறிந்திருந்தாள். கிடைக்காவிட்டால் மனேஜரின் மேசைக்கு முன்னால் நின்று கேட்க அவளிடம் ஒரு அட்டை இருந்தது. நமது ராத்தாவிடம் என்ன இருக்கிறது?

நான் பெரியவர்களிடம் கேட்டதை மட்டும் எழுதவில்லை. 1990இல் நான் சின்னப் பிள்ளை. அந்த ஜூன் மாதத்தையும் அதற்குப் பிந்திய மாதங்களையும் கல்முனையில் இருந்த எவருக்கும், தமிழருக்கும் சரி முஸ்லிம்களுக்கும் சரி, நான் விளக்கத் தேவையில்லை. பாதை மூடி, கரண்ட் இல்லாமல், லொறி எப்போதாவது ஒருநாள் வரும். வாப்பாவுக்கு அப்போது ஒரு பெட்டிக்கடை. சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போவார். பெரும்பாலும் அதே சுருட்டிய சாக்கோடு திரும்பி வருவார். ஒருநாள் மட்டும் அரைச் சாக்குச் சீனியோடு வந்தார். ஒரு மொத்த வியாபாரி சின்னக் கடைக்காரர் எல்லோரையும் கடன் கொப்பியோடு வரச் சொல்லி, வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, கொப்பியில் உள்ள பெயர்களை எண்ணி எண்ணிச் சீனியைப் பிரித்திருக்கிறார். வாப்பாவின் கொப்பியில் 41 வீடு. அந்த மனிதர் படித்தவர் அல்ல. இங்கிலாந்துப் பங்கீட்டுச் சட்டம் அவருக்கு எங்கே தெரியும்! இன்று அவர் கப்றில் இருக்கிறார். வாப்பா மௌத்தாகும் வரை ஒவ்வொரு பெருநாளிலும் அவருக்கு துஆச் செய்தார்.

இனி மார்க்கத்துக்கு வருவோம், ஏனென்றால் இந்த விஷயத்தில் மார்க்கத்தை முதலில் இழுத்தவர்கள் முதலாளிமார்தான். "விலையை அல்லாஹ்தான் தீர்மானிக்கிறான், ரசூலுல்லாஹ்வே விலை நிர்ணயிக்க மறுத்தார்கள்" என்று ஒரு ஹாஜியார் பள்ளி முற்றத்தில் சொன்னார். உண்மை, அப்படி ஹதீஸ் இருக்கிறது. ஆனால் அதே நபிதான் பதுக்குபவனைப் பாவி என்றார்கள். சரக்குக் கூட்டம் சந்தைக்கு வந்து சேருமுன் வழியிலேயே போய் மடக்கி வாங்குவதையும் தடுத்தார்கள். இது எதற்காக என்று நினைக்கிறீர்கள்? சரக்கு சந்தையில் எல்லோர் கண் முன்னாலும் இறங்கட்டும், எல்லோருக்கும் சந்தர்ப்பம் கிடைக்கட்டும் என்பதற்காகத்தான். லொறி வரும் வழியிலேயே போன் போட்டு முழுச் சரக்கையும் பேசி முடிப்பது, ஒட்டகத்துக்குப் பதில் லொறி என்பதைத் தவிர, வேறு என்ன? விலை ஹதீஸை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு மற்ற இரண்டையும் மறப்பது மார்க்கம் ஆகாது.

அபூ உபைதா ரலியல்லாஹு அன்ஹு அவர்களின் தலைமையில் 300 பேர் கடற்கரைப் பக்கம் போருக்குப் போன சம்பவத்தை நீங்கள் ஜும்ஆவில் கேட்டிருப்பீர்கள். நாம் அந்தப் பெரிய மீன் கரையொதுங்கிய கட்டத்தைத்தான் ரசித்துக் கேட்போம், கடற்கரை ஊர்க்காரர் அல்லவா! அதற்கு முந்திய கட்டத்தைக் கவனியுங்கள். வழியில் உணவு தீரத் தொடங்கியதும் அவர் செய்த முதல் வேலை, ஒவ்வொருவர் பையிலும் இருந்ததை ஒன்றாகச் சேர்க்கச் சொன்னது. பிறகு அதை நாளாந்தம் பங்கு வைத்தார். கடைசியில் ஆளுக்கு ஒரு பேரீச்சம்பழம். ஒரு பழம் என்ன பசியைத் தீர்க்கும் என்று ஜாபிர் ரலியல்லாஹு அன்ஹு அவர்களிடம் கேட்டதற்கு, அதுவும் தீர்ந்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது என்றார்கள். நிறையக் கொண்டுவந்தவன் நிறையத் தின்னட்டும் என்று அந்தத் தளபதி விடவில்லை. மீன் வந்தது பிறகு.

முதலாளிமாருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். டீசலைப் பிளாக்கில் வாங்கி லொறி ஓட்டினார்கள். முழுக் காசையும் முன்கூட்டிக் கட்டினால்தான் கொழும்பில் சரக்குத் தந்தார்கள். சின்னக் கடைக்காரரில் பலர் பழைய பாக்கியே கட்டவில்லை. சரி, போக்குவரத்துச் செலவைப் போடுங்கள், ஆனால் பில்லில் எழுதிப் போடுங்கள், தேயிலைப் பக்கற்றுக்குள் ஒளித்துப் போடாதீர்கள். காசு விஷயத்தை ஒழுங்கைக் கடைகள் சேர்ந்து தீர்க்கலாம். சீட்டுக் கட்டத் தெரியாத பொம்பளை நமது ஊரில் உண்டா? 20 கடை சேர்ந்து சீட்டுப் போல முன்காசு திரட்டி ஒரே ஆளாக ஓடர் கொடுத்தால் எந்த முதலாளியும் இல்லை என்று சொல்ல முடியாது. சரக்கை மறைப்பதும், கையில் வைத்துக்கொண்டே விற்க மறுப்பதும் 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அதிகார சபைச் சட்டப்படி குற்றம் என்பதையும் ஞாபகம் வையுங்கள். ஆனால் அதிகாரி வந்து கடைக்கு சீல் வைப்பதால் ராத்தாவின் தட்டில் பால்மா வரப்போவதில்லை. அதனால்தான் ஊருக்குள் பேசித் தீர்ப்போம் என்கிறேன்.

செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. ஒவ்வொரு மஹல்லாவிலும் எத்தனை சில்லறைக் கடை, ஒவ்வொன்றின் கொப்பியிலும் எத்தனை வீடு என்று எழுதிப் பள்ளி நிர்வாகத்திடம் கொடுப்போம். லொறி வந்த அன்று என்ன சரக்கு எத்தனை பெட்டி என்பது பள்ளி அறிவித்தல் பலகையில் ஏறட்டும். ஒரு வீடு இரண்டு கொப்பியில் இருந்தால் ஒன்றில் வெட்டுவோம். கேஸ் வந்தாலும் இதே கொப்பிதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதற்குத்தான் அதிகம் ஏச்சு விழும் என்று தெரியும். பாண்டிருப்பிலும் காரைதீவிலும் உள்ள தமிழ்ச் சின்னக் கடைக்காரர்களும் நமது பஸாரில்தான் சாமான் எடுக்கிறார்கள். நல்ல காலத்தில் அவர்களின் காசை வாங்கி லாபம் பார்த்தோம். பஞ்ச காலத்தில் "ஊராளுக்கு முதலில்" என்று அவர்களைத் திருப்பி அனுப்பினால், அவர்களுடைய கொப்பியில் உள்ள வீடுகள் எங்கே போகும்? பிரதேச செயலகப் பிரச்சினையை அரசியல்வாதிகள் வருடக்கணக்கில் பேசட்டும். பால்மாப் பக்கற்றுக்கு எல்லை போடாதீர்கள். பட்டியலில் அவர்களும் வரவேண்டும்.

சின்னக் கடைக்காரர் எல்லோரும் அவ்லியாக்கள் என்று எண்ணிவிடாதீர்கள். தட்டுக்கு அடியில் ஒளித்து வைத்து, முகம் பார்த்து விற்பவர்களை ஒழுங்கையிலும் கண்டிருக்கிறேன். பங்கு வாங்கியவர் கொப்பிப்படி கொடுக்காவிட்டால் அடுத்த லொறியில் அவருக்குப் பங்கு இல்லை என்று இப்போதே சொல்லிவிட வேண்டும். எங்களைப் போன்ற சம்பளக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த வருடம் மே மாதத்தில் தெரிந்த முதலாளி ஒருவர் போன் எடுத்து "சேர், பால்மா வந்திரிக்கி" என்றார். போய் ஆறு பக்கற் தூக்கிக்கொண்டு வந்தவன் நான்தான். வீட்டில் பால்மா குடிக்கும் சின்னப் பிள்ளை ஒன்று மட்டுமே. மிஞ்சியதை ராத்தாவின் கடைக்கு வாங்கிய விலைக்கே கொடுத்தேன், அதுவும் மனைவி இரண்டு நாள் முகத்தைத் தூக்கிய பிறகு.

எங்கள் ஒழுங்கையில் எழுதத் தொடங்கிவிட்டேன். நேற்று இஷா வரை நாலு கடை, கொப்பிகளில் 173 வீடு, அதில் 11 வீடு இரண்டு கொப்பியில். மற்ற மஹல்லாக்காரர்கள் உங்கள் கணக்கைக் கீழே கொமென்டில் போடுங்கள், வீட்டுக்காரரின் பெயர் போடாமல் எண்ணிக்கையை மட்டும். அடுத்த லொறி வருமுன் பட்டியல் பள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும்.