வரவு செலவுப் பக்கம்: கிராபிக்ஸ் கார்டு காசு தோண்டித் தருமா?

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் உள்ள நம் சங்கக் குடும்பங்கள் சிலவற்றிலிருந்து ஒரே வினா நம்மிடம் வந்திருக்கின்றது. "கணிப்பொறி விளையாட்டுக்கான கிராபிக்ஸ் கார்டுகள் பழைய விலைக்குக் கிடைக்கின்றன. ஆறு கார்டுகளை வாங்கி இணைத்துவிட்டால் இராப்பகலாக மின்நாணயம் தோண்டித் தரும் என்று பையன் சொல்லுகிறான். வைப்பு நிதியில் கடன் எடுத்துக் கொடுக்கலாமா?" என்பதே அவ்வினா. ஊரிலுள்ள பெற்றோருக்கு மாதந்தோறும் பணம் அனுப்பி, எஞ்சியதைக் கொண்டு வேற்று மாநிலத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் நாம். நமக்கு ஒன்றரை இலட்சம் ரூபாய் என்பது மகளின் படிப்பாகவோ, ஊரில் கட்டிவரும் வீட்டின் கூரையாகவோ இருக்கக்கூடும். ஆகவே இம்மாதப் பக்கத்தை இவ்வினாவுக்கே ஒதுக்கியுள்ளோம். பையனைக் கடிந்து பயனில்லை; கணக்கைப் பார்ப்போம்.

முதலில் 'தோண்டுதல்' என்பது யாதென்று தெளிவோம். மைனிங் என்று பிள்ளைகள் கூறுவது இதனையே. சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயருடையார் வகுத்த பிட்காயின், 2009 ஜனவரி 3 அன்று தொடங்கியது. இந்நாணயத்துக்குக் கஜானா இல்லை, அச்சகம் இல்லை. இருப்பது ஒரு பேரேடு மட்டுமே. அப்பேரேட்டின் நகல்கள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளில் இருக்கின்றன. அதில் அடுத்த பக்கத்தை எழுதும் உரிமை யாருக்கு என்பதற்கு ஒரு போட்டி உண்டு. குறித்த வகையில் அமைந்த ஒரு விடை கிட்டும்வரை, எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். அறிவால் விடுவிக்கும் புதிர் அன்று இது. பூட்டுக்கு ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்க்கும் வேலையே. முதலில் விடை கண்டவர் பக்கத்தை எழுதி, புதிய நாணயங்களைப் பரிசாகப் பெறுகின்றார். பிட்காயினில் அப்பரிசு தொடக்கத்தில் 50 நாணயம். ஏறத்தாழ நான்காண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து, 2024 ஏப்ரல் முதல் 3.125 ஆக உள்ளது.

இங்கே ஒரு நுட்பத்தை அன்பர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். போட்டியிடும் இயந்திரங்கள் பெருகினால் பரிசு பெருகுவதில்லை. பிட்காயினில் சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு பக்கம் என்பது விதி. இயந்திரங்கள் கூடினால் புதிரின் கடினமும் தானே கூடிவிடும். ரயில் வண்டியில் இருக்கைகள் இத்தனை என்று வரையறுத்தாகிவிட்டது; பதிவு ஜன்னலில் வரிசை நீண்டதனால் பெட்டிகள் நீள்வதில்லை. ஆதலால் நம் இயந்திரம் எவ்வளவு உழைக்கின்றது என்பதைக் காட்டிலும், உலகிலுள்ள மற்றோரின் உழைப்போடு ஒப்பிட அஃது எத்தனையில் ஒரு பங்கு என்பதே வருமானத்தை உறுதி செய்கின்றது.

தொடக்கத்தில் சாதாரணக் கணிப்பொறியின் மூளையாகிய பிராசசரே இவ்வேலைக்குப் போதுமானதாக இருந்தது. 2010ஆம் ஆண்டில் கிராபிக்ஸ் கார்டைப் பயன்படுத்தத் தொடங்கினர். 2013 முதல் பிட்காயின் தோண்டுவது ஒன்றையே அறிந்த ஏசிக் என்னும் தனி இயந்திரங்கள் விற்பனைக்கு வந்தன. அவற்றின் முன் கார்டுகள் நிற்க இயலவில்லை. ஆகவே, கிராபிக்ஸ் கார்டால் பிட்காயின் தோண்டலாம் என்று இன்று யாரேனும் கூறினால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

கார்டுகளுக்கு நெடுங்காலம் வேலை கொடுத்தது எத்தீரியம் என்னும் மற்றொரு நாணயம். இது 2015 ஜூலை 30 அன்று தொடங்கியது. தனி இயந்திரங்கள் எளிதில் ஆதிக்கம் செலுத்தாதவாறு, கணக்கிடும் வேகத்தைவிட நினைவகத்தின் வேகமே முக்கியமாகும்படி இதன் புதிரை அமைத்திருந்தனர். ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு பெரிய கோப்பிலிருந்து 128 பைட்டு வீதம் 64 முறை எடுத்துப் பார்க்க வேண்டும். மொத்தம் 8,192 பைட்டு. 'ஆர்எக்ஸ் 580' என்ற கார்டின் நினைவகம் நொடிக்கு 256 ஜிகாபைட்டு தரவல்லது. அதனை 8,192 ஆல் வகுத்தால் நொடிக்கு மூன்று கோடி முயற்சிகளுக்குச் சற்று மேல் வரும். நடைமுறையிலும் அக்கார்டு செய்தது ஏறத்தாழ மூன்று கோடியே. கூட்ஸ் ஷெட்டில் கூலியாட்கள் எத்தனை பேர் இருந்தாலும், சரக்கு வெளியேறும் கதவு ஒன்றாயின் அக்கதவின் அகலமே அன்றைய வேலையை முடிவு செய்யும் அல்லவா? அதனாலேயே தேர்ந்தவர்கள் நினைவகத்தின் வேகத்தைக் கூட்டி, மற்றப் பகுதிகளின் வேகத்தையும் மின் அழுத்தத்தையும் குறைத்து, மின்சாரத்தை மிச்சப்படுத்தினர்.

இனி, கருவிகளைப் பார்ப்போம். கார்டுகள் ஆறு, அவற்றைத் தாங்கும் மதர்போர்டு ஒன்று, கார்டுகளைத் தள்ளி வைத்து இணைக்கும் ரைசர்கள், தரமான பவர் சப்ளை, காற்றோட்டத்துக்காகத் திறந்த இரும்புச் சட்டம். இவற்றில் பவர் சப்ளையிலும் ரைசரிலும் சிக்கனம் பார்ப்பது தீயோடு விளையாடுவதாகும். ரைசர் வழியாகக் கார்டு 75 வாட் வரை இழுக்கக்கூடும். ஹார்டு டிஸ்குக்குரிய சாட்டா இணைப்பு தாங்குவதோ 54 வாட் மட்டுமே. அந்த இணைப்பில் ரைசரை மாட்டினால் பிளாஸ்டிக் உருகித் தீப்பிடிக்கக்கூடும். மேலும், உண்ணும் மின்சாரம் அனைத்தையும் இவ்வியந்திரம் வெப்பமாகவே வெளியிடுகின்றது. வடநாட்டு மே மாதத்தில், இரண்டு அறையுள்ள குவார்ட்டர்ஸில், 800 வாட் அடுப்பு ஒன்றை இரவும் பகலும் அணையாமல் வைத்திருப்பதை நினைத்துப் பாருங்கள்.

இப்பொழுது கணக்கு. எடுத்துக்காட்டாக 2022 மே மாதத்தைக் கொள்வோம். எத்தீரியத்தைக் கார்டுகளால் தோண்டிய கடைசி ஆண்டு அது.

நம் ஆறு கார்டுகளும் நொடிக்கு 18 கோடி முயற்சி செய்யும். அக்காலத்தில் உலகம் முழுவதும் சேர்ந்து செய்த முயற்சி நொடிக்கு ஏறத்தாழ 10 கோடி கோடி. எனவே நம் பங்கு 55 இலட்சத்தில் ஒன்று. நாள்தோறும் சுமார் 6,500 பக்கங்கள். பக்கத்துக்கு 2 நாணயம். ஆக நாளொன்றுக்கு 13,000 நாணயம் பங்கிடப்பட்டது. தனித்து நின்று தோண்டினால் ஒரு பக்கம் கிட்டச் சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே பலர் கூடிப் 'பூல்' என்னும் கூட்டில் சேர்ந்து, உழைப்புக்கேற்பப் பங்கு பெற்றனர். நம் நாட்பங்கு 0.00234 நாணயம். நாணயம் அம்மாதத்தில் சுமார் 2,000 டாலர், அதாவது சுமார் 1,55,000 ரூபாய் விற்றதெனக் கொண்டால், நாள் வரவு 363 ரூபாய். கூட்டின் கட்டணத்தை இங்கே நாம் கழிக்கவில்லை.

செலவு யாது? 800 வாட் இயந்திரம் 24 மணி நேரத்தில் 19.2 யூனிட் உண்ணும். யூனிட் 8 ரூபாய் எனில் நாளொன்றுக்கு 154 ரூபாய். மாதத்துக்கு 576 யூனிட் கூடுதலாகும்போது மீட்டர் மேல் படிக்கட்டணத்துக்கு ஏறிவிடும் என்பதையும் மறவற்க. அதனை விட்டுவிட்டாலும், 363 இல் 154 போக நாளொன்றுக்கு 209 ரூபாய் மிச்சம். பையன் காட்டும் கணக்கு பெரும்பாலும் இவ்விடத்தில் நின்றுவிடும்.

நாம் நிற்கலாகாது, வரி இருக்கின்றது. 2022 ஏப்ரல் 1 முதல் மின்நாணய இலாபத்துக்கு நம் நாட்டில் 30 விழுக்காடு வரி, அதன்மேல் செஸ். நாணயத்தை வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க இடமில்லை. நஷ்டம் வந்தால் பிற வருமானத்தில் ஈடு செய்யவும் இடமில்லை. தோண்டுவதற்கான கருவிச் செலவு வாங்கிய விலையாகக் கொள்ளப்படமாட்டாது என்று 2022 மார்ச்சில் மக்களவையில் அரசு விடையளித்தது. ஆகவே மின் கட்டணமும் கழியாது என்று கொண்டே கணக்கிடுவது பாதுகாப்பு. 363 ரூபாய்க்கு வரி 109, மின்சாரம் 154, எஞ்சுவது சரியாக 100 ரூபாய். முதலீடு 1,50,000 எனில் அது திரும்ப 1,500 நாள்கள், அதாவது நான்கு ஆண்டுகளுக்கு மேல், வேண்டும்.

அடுத்த மாதமே, 2022 ஜூனில், நாணயத்தின் விலை 1,100 டாலருக்கும் கீழே இறங்கியது. 1,100 என்றே வைத்துக்கொண்டாலும் அதே கருவியின் நாள் வரவு சுமார் 200 ரூபாய். வரி 60, மின்சாரம் 154 போனால் நாள்தோறும் 14 ரூபாய் நஷ்டம். இயந்திரம் பழுதுபடவில்லை, மின்சாரம் தடைப்படவில்லை, எவரும் ஏமாற்றவுமில்லை. விலை மட்டும் இறங்கியது.

அதன் பின் வந்தது பெரிய மாற்றம். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் தோண்டும் முறையையே கைவிட்டது. நாணயத்தை ஈடாக வைத்திருப்போரே பேரேட்டை எழுதும் முறைக்கு மாறியது. அதன் மின் செலவு ஏறத்தாழ 99.95 விழுக்காடு குறைந்தது. இம்மாற்றம் திடீரென வந்ததன்று. பல ஆண்டுகளாகவே அறிவிக்கப்பட்டு, தள்ளித் தள்ளிப் போடப்பட்டு வந்தது. நான்கு ஆண்டுக் கணக்குப் போட்டு மே மாதத்தில் கடன் வாங்கியவருக்கு நான்கு மாதமும் சில நாள்களுமே கிட்டின. வேலையற்றுப்போன கார்டுகளில் ஒரு பகுதி எத்தீரியம் கிளாசிக், ரேவன்காயின் முதலிய சிறு நாணயங்களின் பக்கம் திரும்பியது. அங்கே போட்டி பன்மடங்காக, ஒவ்வொருவர் பங்கும் சுருங்கிப்போயிற்று. அந்நாணயங்களை இன்றும் கார்டால் தோண்டலாம். நம் வீட்டு மின் கட்டணத்தில் தோண்டினால் வரவு செலவை எட்டுமா என்பதை, மேலே கண்ட முறையில் அன்றைய விலையைப் போட்டு எவரும் அரைமணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

ஆயின் இத்தொழிலில் பொருள் ஈட்டியோரே இல்லையா? உளர். விலை ஏறுமுன் தொடங்கி, ஏறியபோது விற்றவர்கள் ஈட்டினர். 2021 நவம்பரில் எத்தீரியம் சுமார் 4,800 டாலர் வரை சென்றது. மலிவு மின்சாரம் கிடைத்தவர்களும் ஈட்டினர். சீனத்துச் சிச்சுவானில் மழைக்கால நீர்மின்சாரத்தை நம்பிப் பெருங்கூடங்கள் இயங்கின. 2021இல் சீன அரசு தடுத்தபின் பல கூடங்கள் அமெரிக்காவுக்கும் கசகஸ்தானுக்கும் பெயர்ந்தன. கார்டு விற்றவர்களும் ஈட்டினர். 2020 செப்டம்பரில் என்விடியா நிறுவனம் 699 டாலர் விலை குறித்து வெளியிட்ட 'ஆர்டிஎக்ஸ் 3080' கார்டு, கடைகளில் கிட்டாமல் வெளிச்சந்தையில் அதனினும் மிகுந்த விலைக்குக் கைமாறியது. விளையாட்டுக்காக வாங்குவோர் முறையிட, 2021இல் அந்நிறுவனம் எத்தீரியம் தோண்டும் வேகத்தைக் குறைக்கும் பூட்டு ஒன்றைப் புதிய கார்டுகளில் வைத்தது. மலிவு மின்சாரமும் இல்லாமல், கார்டை விற்பவராகவும் இல்லாமல், விலை ஏறியபின் வந்து சேர்ந்தவர்களின் வரிசையில்தான் நாம் நிற்கிறோம்.

இரண்டு எச்சரிக்கைகள் கூற வேண்டும். முதலாவது, "கருவி வேண்டாம், பணம் மட்டும் கொடுங்கள், எங்கள் கூடத்தில் உங்களுக்காகத் தோண்டுகிறோம்" என்போரைப் பற்றியது. மாதம் 10 விழுக்காடு வீதம் 18 மாதம் தருவதாகக் கூறிப் பணம் திரட்டியதாக எழுந்த கெயின்பிட்காயின் வழக்கில், அதனை நடத்திய அமித் பரத்வாஜ் 2018இல் கைது செய்யப்பட்டார். மேலே நாம் பார்த்த கணக்கில் வருமானம் நாளுக்கு நாள் மாறுகின்றது. மாறும் வரவிலிருந்து மாறாத வட்டி தருவேன் என்பவரின் சொல்லை ஏற்றுச் சேமிப்பைக் கொடுத்தல் வேண்டாம்.

இரண்டாவது, அலுவலக மின்சாரத்தில் இயந்திரத்தை மாட்டும் எண்ணம். மலேசியாவின் மிரி நகரில் 2021 ஜூலையில், திருட்டு மின்சாரத்தில் இயங்கியதால் கைப்பற்றப்பட்ட 1,069 பிட்காயின் இயந்திரங்களைக் காவல்துறையினர் சாலை உருளையால் நசுக்கினர். உத்தியோகத்தில் இருப்பவருக்கு நசுங்குவது இயந்திரம் மட்டுமாக இராது.

ஆகவே நம் விடை இது: வைப்பு நிதியைத் தொட வேண்டாம். பையனுக்குக் கணிப்பொறியில் உண்மையான ஆர்வம் இருந்தால், படிப்புக்கு உதவும் ஒரு கார்டை வீட்டுச் செலவு தாங்கும் அளவில் வாங்கிக் கொடுங்கள். படம் வரைதல், காணொளி தொகுத்தல், செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி ஆகியவற்றுக்கு அது பயன்படும். பழைய கார்டாயின், அது தோண்டும் வேலையில் இருந்ததா என்று கேட்டு, விசிறியைச் சுழற்றிப் பார்த்து, நினைவகத்தின் மேலுள்ள வெப்பத்தாள் காய்ந்துள்ளதா என்று தெரிந்தவரிடம் காட்டி, ஒரு மணி நேரமேனும் ஓடவிட்டு வாங்குங்கள். 4 ஜிகாபைட்டு நினைவகமுள்ள கார்டுகள், எத்தீரியத்தின் கோப்பு பெருத்ததால் 2020 டிசம்பரிலேயே அந்நாணயத்தைத் தோண்டும் வேலைக்கு ஆகாமற்போயின. அத்தகையவற்றைத் தோண்டுவதற்கு உகந்தவை என்று விற்பவர் இருந்தால் அவர் விற்பது பழைய செய்தியை.

இக்கணக்கைப் பையனைக் கொண்டே ஒருமுறை போடச் சொல்லுங்கள். இன்றைய விலை, உங்கள் வீட்டு மின் ரசீதில் உள்ள கட்டணம், வரி ஆகிய மூன்றையும் அவனே எழுதட்டும். விடையைத் தகப்பனார் சொல்லிக் கேட்பதைவிடத் தன் கையெழுத்தில் காண்பது அவனுக்கு நன்கு விளங்கும்.

அடுத்த இதழில், ஊருக்குப் பணம் அனுப்பும் வழிகளையும் அவற்றின் கட்டணங்களையும் ஒப்பிட்டு எழுதுவோம்.