பழைய சட்டை போட்ட புதிய கார்!

சென்னைக்கு வடக்கே, எண்ணூரை ஒட்டி இருக்கிறது நெட்டுக்குப்பம். மீனவர்கள் வாழும் ஊர். கட்டுமரம் நின்ற கரையில் இப்போது பைபர் படகுகள் நிற்கின்றன.

படகில் கீறல் விழுந்தால் அங்கே யாரும் கலங்குவது இல்லை. கீறலைச் சுற்றித் தேய்த்துச் சுத்தம் செய்கிறார்கள். கண்ணாடி நார் விரிப்பை வெட்டி வைக்கிறார்கள். மேலே ரெசின் என்ற பிசினைப் பூசுகிறார்கள். காய்ந்ததும் படகு மறுபடி கடலுக்குப் போகிறது.

இதே கண்ணாடி நாரையும், இதே பிசினையும் வைத்துக்கொண்டு வெளிநாடுகளில் ஒரு வேடிக்கை நடக்கிறது. புதிய காரைப் பழைய கார் ஆக்குகிறார்கள்!

"பழையதைப் புதிதாக்குவார்கள், கேட்டிருக்கிறோம். புதியதைப் பழையதாக்குவதா? என்ன பைத்தியம் இது?" என்று கேட்கத் தோன்றும்.

பைத்தியம் இல்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. கணக்கும் இருக்கிறது.

முகம் மாறிய கார்

ஜெர்மனியின் போர்ஷே கம்பெனி, 1963-ம் ஆண்டு பிராங்க்பர்ட் கண்காட்சியில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வைத்தது. பெயர் 901. நடுவில் சைபர் வரும் மூன்று எண் பெயர்கள் தங்களுக்கே உரியவை என்று பிரான்சின் பெஜோ கம்பெனி ஆட்சேபித்தது. சைபரை எடுத்துவிட்டு ஒன்றைப் போட்டார்கள். 911 ஆயிற்று!

இந்தக் காருக்கு என்ஜின் பின்னால். சாமான் வைக்கும் இடம் முன்னால். முன்பக்க மூடி நீளமாக வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும். பம்பர் மெல்லியதாக இருக்கும். பார்த்தவர்கள் மயங்கினார்கள்.

1974-ம் வருட மாடலில் முகம் மாறிவிட்டது. காரணம், அமெரிக்காவில் வந்த ஒரு சட்டம். மணிக்கு 5 மைல் வேகத்தில் மோதினாலும், விளக்கு போன்ற முக்கியமான பாகங்கள் கெட்டுப் போகக்கூடாது என்றது அது. போர்ஷே கம்பெனி கனமான பம்பரை மாட்டியது. பம்பரின் ஓரத்தில் ஆர்மோனியப் பெட்டியின் துருத்தி மாதிரி கறுப்பு ரப்பர் மடிப்பு. பம்பர் உயர்ந்ததால் மூடி குட்டை ஆயிற்று.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் ரசிகர்களுக்கு மனம் ஆறவில்லை. 1973 வரை வந்த கார்களைத் தேடிப் போனார்கள். விலை ஏறியது. 1973 மாடல் 'கரேரா ஆர்.எஸ்.' இன்று கோடிக்கணக்கில் விலை போகிறது.

அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது?

அப்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. முகம் மாறியதே தவிர, காரின் கூடு பெரிதாக மாறவில்லை. கூரை அதே வளைவு. கதவு அதே வடிவம். முன் மட்கார்டு பற்றவைத்தது அல்ல, போல்ட்டு போட்டு முடுக்கியது. கழற்றலாம், மாட்டலாம். பிந்திய காரை வாங்கி, பழைய மாதிரி மட்கார்டும், நீள மூடியும், மெல்லிய பம்பரும் மாட்டினால் பழைய கோலம் வந்துவிடும்!

பணம் உள்ளவர்கள் இதை ராஜ வேலையாகச் செய்கிறார்கள். அமெரிக்காவில் 2009-ல் 'சிங்கர்' என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அவர்கள் கை வைத்த கார் சில கோடி ரூபாய் ஆகிறது. பணம் இல்லாதவர்கள் தகடுக்குப் பதில் பைபரை நாடுகிறார்கள். நெட்டுக்குப்பத்துப் படகு வேலையும், ஜெர்மனிக் கார் வேலையும் ஒன்று சேரும் இடம் இதுதான்.

உப்புக் காற்று

இதில் கடற்கரைக்காரர்கள் கவனிக்க வேண்டியது இரும்பு. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஜன்னல் கம்பி என்ன பாடுபடுகிறது என்று அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டால் தெரியும். பெயிண்டு மேலே பளபளக்கும். உள்ளே உப்பு அரித்துக்கொண்டே இருக்கும்.

போர்ஷே கம்பெனி 1976-ம் வருட மாடலில் இருந்து, துத்தநாகம் பூசிய தகடுகளைக் காரின் கூட்டுக்குப் போட ஆரம்பித்தது. துரு பிடிப்பது வெகுவாகக் குறைந்தது. ஆகவே பிந்திய கார், பழைய காரைவிட உடல் பலம் உள்ளது. அதற்குப் பழைய சட்டையைப் போடுவதில் நியாயம் உண்டு.

ஆனால் ஒன்று. வெட்டினாலும், பற்றவைத்தாலும் அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடும். பச்சை இரும்பு வெளியே வரும். துரு அங்கேதான் குடியேறும். நீள மூடி போட வேண்டுமானால், பூட்டு இருக்கும் முன் தகட்டை வெட்டி மாற்ற வேண்டி வரும். கை தேர்ந்த டிங்கர் இல்லாமல் அதில் கத்தி வைப்பது வினை. கைக்காசு குறைவாக உள்ளவர் போல்ட்டில் கழன்று போல்ட்டில் ஏறுவதோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். நாளைக்கு மனம் மாறினால் பழையபடி மாட்டிவிடலாமே!

பைபர் மட்கார்டு எடை குறைவு. துரு பிடிக்காது. விலையும் மலிவு. ஆனால் வாங்கிய அன்றே சரியாக உட்கார்ந்துவிடும் என்று நினைக்கக்கூடாது. ஒரு பக்கம் இடைவெளி ஒரு விரல் இருக்கும். மறுபக்கம் கதவு இடிக்கும். பெயிண்டு அடிப்பதற்கு முன்பே மாட்டிப் பார்த்து, தேய்த்துத் தேய்த்துப் பொருத்த வேண்டும். மலிவாக வாங்கிய மட்கார்டு, பொருத்தும் கூலியில் விலை உயர்ந்துவிடுவது உண்டு. அனுபவப்பட்டவர்கள் சொல்லும் புலம்பல் இது!

இன்னொன்றும் உண்டு. இரும்பு மட்கார்டு இருந்தபோது விளக்குக்கு வேண்டிய 'எர்த்' அந்த இரும்பு வழியாகவே கிடைத்தது. பைபரில் மின்சாரம் பாயாது. புது மட்கார்டு மாட்டியதும் விளக்கு எரியவில்லை என்று பல்பைப் பல்பாக மாற்றிப் பயன் இல்லை. தனியாக ஒரு எர்த் ஒயர் இழுத்தால் போதும். பத்து நிமிட வேலை.

கடைசியில், முக்கியமான கேள்வி. கனமான பம்பர் உயிரைக் காக்க வந்ததா, அழகைக் கெடுக்க வந்ததா? அதைக் கழற்றிப் பைபர் பம்பர் மாட்டினால் கார் மெலிந்து அழகாகும். இடித்தால் தாங்குமா? தாங்காது. மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி என்றால், பம்பரில் மட்டும் பழமை வேண்டாம்.

திருவொற்றியூர் வித்தை

"போர்ஷே எங்கே, நாம் எங்கே?" என்று சிரிக்க வேண்டாம். நெட்டுக்குப்பத்தில் இருந்து கொஞ்ச தூரம் தெற்கே வந்தால் திருவொற்றியூர். புல்லட் மோட்டார் சைக்கிளின் தாய்வீடு.

1955-ம் ஆண்டு, இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும் சேர்ந்து என்பீல்டு இந்தியா கம்பெனியை ஏற்படுத்தின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970-ல் இங்கிலாந்தில் வண்டி செய்வது நின்று போயிற்று. திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி ஆயிற்று. குருவின் வீட்டுக்கு சிஷ்யன் விருந்து கொண்டுபோன கதை!

அந்தக் கம்பெனி 2009-ல் 'கிளாசிக் 500' என்ற வண்டியை வெளியிட்டது. தோற்றம் பழைய காலத்து வண்டியைப் பின்பற்றியது. உள்ளே பெட்ரோலை எலெக்ட்ரானிக் முறையில் அளந்து செலுத்தும் புது என்ஜின். பழைய சட்டை, புதிய உடம்பு. கம்பெனியே செய்த வேலை இது.

1960-களில் இங்கிலாந்தில் அவர்கள் விற்ற 'காண்டினென்டல் ஜி.டி.' என்ற 250 சி.சி. வண்டிக்குப் பெட்ரோல் டாங்கே பைபரில் செய்ததுதான்! சிவப்பு நிறம். வாலிபர்கள் கொள்ளை ஆசை வைத்த வண்டி. 2013-ல் அதே பெயரில் புது வண்டி சென்னையில் இருந்து வந்தது.

அதைப் பார்த்து இன்று யாரும் பைபரில் டாங்கு செய்துவிடக்கூடாது. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. பழைய வகைப் பிசினை அது இளக்கிவிடும். டாங்கு கசிந்தால் காலுக்கு நடுவே நெருப்பு! மட்கார்டு பைபராக இருக்கலாம். டாங்கு இரும்பாகவே இருக்கட்டும்.

சைலன்சரும் அப்படித்தான். பழைய புல்லட் மாதிரி 'டப் டப்' சத்தம் வேண்டும் என்று சைலன்சரைக் குடைகிறார்கள். அது சட்டை மாற்றுவது அல்ல. பக்கத்து வீட்டுக் குழந்தையின் தூக்கத்தைக் கெடுப்பது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதைப் பற்றியது. பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்கள், கம்பெனி முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அனுமதி இல்லாமல் மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதமோ, 6 மாதம் வரை ஜெயிலோ, இரண்டுமோ கிடைக்கலாம். நிறத்தை மாற்றினால் கூடப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். ஆகவே போல்ட்டைக் கழற்றுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் படியை ஒரு முறை ஏறுவது நல்லது.

இன்னொரு விதி 2021-ல் வந்தது. 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டியை 'வின்டேஜ்' வண்டியாகப் பதிவு செய்யலாம். நம்பர் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ.20 ஆயிரம். ஆனால் சேசிஸ், கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது.

பழைய சட்டை போட்ட வண்டிக்கு இந்த மரியாதை கிடைக்காது. கிடைக்கவும் கூடாது! 1985-ல் பிறந்த வண்டியை 1970 என்று சொல்லி விற்பவன், வேடம் போட்டவன் அல்ல. மோசடிக்காரன். வாங்குகிறவர் மட்கார்டைப் பார்த்து மயங்காமல், சேசிஸ் நம்பரைத் தேடிப் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். போர்ஷே காரில் முன் மூடியைத் திறந்தால், சாமான் வைக்கும் இடத்திலேயே அந்த நம்பரை இரும்பில் அடித்திருப்பார்கள். பைபர் மட்கார்டு அதை மறைக்க முடியாது.

அதைவிடக் கொடுமை, உண்மையிலேயே பழைய வண்டியை வெட்டுவது. அசலான கிழ வண்டி கிடைத்தால் அதற்குத் துரு எடுத்து, உள்ளதை உள்ளபடி காப்பாற்ற வேண்டும். வேடம் போட விரும்புகிறவருக்குப் பிந்திய வண்டிகள் இருக்கின்றன.

காசு எங்கே போக வேண்டும்?

கையில் 100 ரூபாய் இருந்தால் முதல் 60 ரூபாய் பிரேக்குக்கும், டயருக்கும், அடித்தகட்டுத் துருவுக்கும் போகட்டும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, அடியில் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். 'டங்' என்றால் இரும்பு. 'பொத்' என்றால் துருவும் பட்டியும்தான். அதன் மேல் எத்தனை அழகான மட்கார்டு மாட்டினாலும் வீண்.

மிச்சம் 40-ல் மட்கார்டு, மூடி, பெயிண்டு. கடன் வாங்கியோ, வீட்டு நகையை அடகு வைத்தோ இந்த வேலையில் இறங்கத் தேவை இல்லை. இந்த வருடம் முன் மட்கார்டு. அடுத்த வருடம் மூடி. பெயிண்டு கடைசியில். மழைக் காலத்தில் மட்டும் பெயிண்டு வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அடித்த பெயிண்டு பொங்கலுக்குள் கொப்புளம் போட்டுவிடும்.