பனியன் முதுகுல யாரு பேரு?

கோயில் டியூப்லைட்டுல "உபயம்"னு கொட்டை எழுத்துல எழுதி, வெளிச்சமே வராம பண்ணி வைப்பாங்களே, அதைக் கிண்டல் பண்ணி மொக்கை போடாத பதிவர் நம்மள்ல யாராவது இருக்கீங்களா? நானும் போட்டிருக்கேன். இப்ப அந்த டியூப்லைட் ஆளு மேல எனக்கு ஒரு மரியாதை வந்திருக்கு. ஏன்னு சொல்றேன்.

எங்க ஊரு ஜெகதாப்பட்டினம். வருசா வருசம் ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும். பயலுவ சும்மா இருப்பானுவளா? கபடிதான். ஒரே சிக்கல், ஆட நேரம் கிடைக்கிற அந்த ரெண்டு மாசந்தான் ஊருல காசு புழங்காது. படகு ஓனர், ஐஸ் கம்பெனிக்காரர், வலைக்கடைக்காரர் எல்லாரும் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிப்பாங்க. நோட்டீஸ்ல "முதல் பரிசு உபயம்" போடுறதுக்கு சிங்கப்பூர்லயும் துபாய்லயும் இருக்குற அண்ணன்மாருக்குப் போன் போகும்.

2022 தடைக்காலத்துல எனக்கு வந்துச்சு போன். "மாப்ள, நீ மெட்ராஸ்ல ஐ.டி.ல தானடா இருக்க, ஒரு ஸ்பான்சர் புடிச்சுக் குடுறா." நானும் பெரிய மனுசனா நினைச்சுக்கிட்டு விசாரிச்சேன். நண்பனோட நண்பன் மூலமா ஒரு ஆன்லைன் ரம்மி ஆப்காரன் சிக்கினான். முதல் பரிசுத் தொகை, டீமுக்குப் பனியன் எல்லாம் அவன் செலவு. முதுகுல அவன் பேரு. அவ்வளவுதான். சட்டச் சிக்கலும் இல்லை, ஏன்னா தமிழ்நாட்டுல 2021-ல கொண்டுவந்த தடையை அந்த வருசமே ஹைகோர்ட் ரத்து பண்ணியிருந்துச்சு. ரெண்டு நிமிசத்துல ஓகே சொல்லிட்டேன்.

இங்க கொஞ்சம் கிரிக்கெட் பக்கம் போயிட்டு வருவோம், ஏன்னா நான் அப்ப எனக்கு நானே சொல்லிக்கிட்ட சமாதானம் அங்கேர்ந்து எடுத்ததுதான். "இந்தியா டீமே போடுது, நாம போட்டா என்ன?"

ஒரு காலத்துல மேட்சைக் காட்டுறதுக்கு தூர்தர்ஷன் கிரிக்கெட் போர்டுகிட்டயே காசு கேட்டுச்சு. 1993 ஹீரோ கோப்பை ஒளிபரப்புச் சண்டை சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 1995-ல "அலைவரிசை பொதுச்சொத்து, அரசாங்கத்தோட ஏகபோகம் இல்லை"ன்னு தீர்ப்பு வந்துச்சு. அதுக்கப்புறம் வந்த தனியார் டிவி காசுலதான் சட்டைக்கும் விலை ஏறுச்சு. அந்தச் சட்டையில வந்த பேரை மட்டும் வரிசையாப் பாருங்க. வில்ஸ் (சிகரெட்டு!), 2001-லேர்ந்து சஹாரா, 2014-ல ஸ்டார், 2017-ல ஓப்போ, 2019-ல பைஜூஸ், 2023-ல ட்ரீம்11, 2025-ல அப்பல்லோ டயர்ஸ். சஹாரா முதலாளி 2014-ல ஜெயிலுக்குப் போனார். பைஜூஸ் 158 கோடி பாக்கின்னு போர்டே கேஸ் போட்டுச்சு. 2025 ஆகஸ்ட்ல ஆன்லைன் காசு விளையாட்டுக்குச் சட்டம் வந்ததும் ட்ரீம்11 பாதியில கிளம்பிருச்சு. நெட்டுல இதை "ஜெர்சி சாபம்"னு சொல்லிச் சிரிக்கிறாங்க. சாபமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எவனுக்கு அவசரமா ஜனங்களோட நம்பிக்கை வேணுமோ அவன்தான் அதிக விலை குடுப்பான். நல்லா ஓடுற கடைக்கு எதுக்கு அவ்வளவு அவசரம்?

ஸ்பான்சர் இல்லாம விளையாட்டு வளராதுன்னு நீங்க சொல்றது புரியுது. 2014-ல ப்ரோ கபடி வரலைன்னா எங்க பயலுவ ஆட்டத்தை டிவியில யாரு பார்த்திருப்பா? அதை நான் மறுக்கலை. ஆனா போர்டுக்கு ஒரு சௌகரியம் இருக்கு. ஒரு பேரு போனா அடுத்த பேரு. அந்தப் பேரை நம்பினவன் போர்டு ஆபீஸ் வாசலுக்கு வரமாட்டான்.

எங்க ஊருல வருவாங்க. அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அதே பனியனைப் போட்டு ஆடின ஒரு பையனோட அம்மா பஸ் ஸ்டாப்புல புடிச்சுக்கிட்டாங்க. படகுல பங்கு வாங்கச் சேர்த்த காசு அந்த ஆப்ல போயிருக்கு. திட்டக்கூட இல்லைங்க. "அந்தப் பேரை நீதான் கொண்டாந்தியாமே தம்பி? நீ படிச்ச புள்ளை, நல்லதாத்தான் இருக்கும்னு சொன்னான்"னு மட்டும் கேட்டாங்க. பஸ் வர்ற வரைக்கும் பேசாம நின்னேன். விளம்பரத்துக்கு அந்த ஆப்காரன் வாங்கினது பனியன் முதுகைன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அவன் வாங்கினது என் பேரை.

2023 ஏப்ரல்ல தமிழ்நாட்டுச் சட்டம் மறுபடி வந்துச்சு. அது வேற கதை.

டியூப்லைட் உபயக்காரருக்கு இப்ப வர்றேன். அவரு பேரு வெளிச்சத்தை மறைக்குது, வாஸ்தவந்தான். ஆனா லைட்டு எரியலைன்னா யார் வீட்டுக் கதவைத் தட்டணும்னு ஊருக்கே தெரியும்.

போன தடைக்காலத்துல ஐஸ் கம்பெனிக்காரர் குடுத்தது எட்டாயிரம் ரூவா, மூணு நாளைக்குத் தண்ணிக் கேனு. புதுப் பனியனுக்கு அது காணலை. பழைய பனியன் முதுகுல துணி ஒட்டுப் போட்டுத் தைச்சு, அது மேல நம்பரை எழுதிக்கிட்டு ஆடுனானுவ.